டீச்சர் ‘அ’, நம்ம ‘அ’

சலூன்காரருக்கு யாரையும் நேருக்கு நேர் பார்த்தால் அடையாளம் தெரியாது. கண்ணாடிக்குள் பார்த்தால்தான் தெரியும். வாலிப வயதிலிருந்து ஊர்க்காரர்கள் முகத்தையெல்லாம் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய மனிதர். வகிடு இந்தப் பக்கம், மச்சம் அந்தப் பக்கம் என்று அவர் மனசில் எல்லோருமே இடம் வலம் மாறித்தான் பதிந்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் முன்னால் தெருவில் போய் நின்று, “என்ன, சௌக்கியமா?” என்று கேட்டால், “நீங்க யாருன்னு தெரியலையே” என்பார். ஒரு தடவை சொந்த மச்சானையே கடைத்தெருவில் தாண்டிப் போய்விட்டு, பாத்திரக்கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரிந்த பிறகு, “அடடே, வாங்க மச்சான்!” என்று கண்ணாடியைப் பார்த்துக் கை நீட்டினாராம்.

இதைச் சொன்னவர் பென்ஷன்காரர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். எந்தப் பாதியை என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

பென்ஷன்காரர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. இருந்தாலும் காலையில் கடை திறக்கும்போதே வந்து, பின்சுவர் ஓரமாகக் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கடைப் பேப்பரை விரித்துவிடுவார். சலூன்காரர் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, ஒருவர் தலையில் கத்தரி போட்டுக்கொண்டே, எதிரே கண்ணாடியில் தெரியும் அந்தப் பேப்பரைப் படிப்பார். எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு நிற்கும். அதை அவர் ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. நேராக வந்தாலும் படிப்பார், திரும்பி வந்தாலும் படிப்பார்.

“பக்கத்தைப் புரட்டுங்க சார், நான் முடிச்சிட்டேன்.”

“இருய்யா, நான் இன்னும் தலைப்பையே தாண்டலை.”

இந்த வித்தைதான் பிற்பாடு அவர் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவர் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது குட்டிக்கு இன்னும் பால்பல் விழவில்லை. குட்டி என்பது ஒரே மகள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு மச்சான் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். வெளியூரில் நல்ல உத்தியோகம், சொந்த வீடு, பிள்ளை இல்லை. தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல ஆசையாக இருந்தாலும் சொல்ல முடியாது.

“மாப்பிள்ளை, நான் சண்டைக்கு வரலை. காலையிலேருந்து இருட்டுற வரைக்கும் உங்களுக்குக் கடை. கத்தியும் கத்தரியுமா கிடக்குற இடம். ஊர் வம்பு பூரா அங்கதான் ஓடுது. இவளை யாரு உட்கார வச்சுப் பாடம் சொல்லிக்குடுப்பா?”

“நான் சொல்லிக்குடுப்பேன் மச்சான்.”

“நீங்களா?”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சலூன்காரர் பொறுத்திருப்பார். அந்த ‘நீங்களா’ சவரக்கத்தி வழுக்கின மாதிரி இறங்கிவிட்டது.

“நானேதான். ஒண்ணாம் வகுப்பு முடியட்டும். எந்தப் புத்தகத்தை வேணாலும் எடுத்துக் குடுங்க. கடகடன்னு படிக்கலைன்னா நீங்களே கூட்டிட்டுப் போய் வளர்த்துக்குங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

அந்த வேகத்தில் சலூன்காரர் பக்கத்தில் நின்ற குட்டியின் தலையில் கையை வைத்துவிட்டார். “இவ மேல சத்தியம்.”

முடி வெட்டத்தான் அப்பா கை வைக்கிறார் என்று நினைத்துக் குட்டி பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்து கொடுத்தாள்.

மறுவாரமே பாடம் ஆரம்பமானது. எழுத்து அட்டை ஒன்று வாங்கிவந்தார். ‘அ’ முதல் ‘ஃ’ வரை மேலே, உயிர்மெய் எல்லாம் கீழே. மாட்டுவதற்குக் கடையில் இடம் வேண்டுமே! முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆகவே பின்சுவரில், பென்ஷன்காரர் தலைக்கு மேலே மாட்டினார். சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே போடும் பலகையைப் போட்டு, குட்டியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தார். கண்ணாடியைப் பார்த்து அவள். அவளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்து அவர். கண்ணாடிக்குள் தெரிகிற அட்டையைச் சீப்பு முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்பார்.

“இது?”

“அ.”

“சபாஷ். இது?”

“ஆ. அவங்களுக்கு வால் இருக்கு.”

பாடம் சூடு பிடித்துவிட்டால் அவருக்கு வாடிக்கையாளர் கண்ணில் படமாட்டார். தபால்காரர் முகத்தில் நுரையைப் போட்டுவிட்டு, “ஒரு நிமிஷம், ‘ஐ’ மட்டும் முடிச்சிட்டு வந்துடுறேன்” என்று போனவர், ‘ஔ’ தாண்டியும் திரும்பவில்லை. நுரை காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிவிட்டது. விரல் முட்டியால் தட்டித்தான் உடைத்து எடுத்தார்கள். தபால்காரருக்கு அன்றைக்குச் சவரமே தேவைப்படவில்லை, முடியும் கூடவே வந்துவிட்டது என்பார்கள். காத்திருந்து காத்திருந்து ஒரு வண்டிக்காரர் தம் பெயரை எழுதவே கற்றுக்கொண்டார். பிறகு ஏதோ அலுவலகத்தில் அவர் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு இது செல்லாது என்று திருப்பி அனுப்பினார்களாம். ஏன் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

குட்டி சிலேட்டில் எழுதி, கண்ணாடி பக்கம் திருப்பித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். சலூன்காரர் கண்ணாடிக்குள் பார்ப்பார். முத்து முத்தாக, ஒரு பிசிறு இல்லாமல் இருக்கும். மனைவி இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அவருக்குத் தோன்றும். உடனே பக்கத்தில் இருப்பவர் தலையில் பவுடரை அள்ளிக் கொட்டுவார்.

குட்டி ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தாள். ‘ப’ எழுதச் சொன்ன அன்று மட்டும் டீச்சர் சரி போட்டார். அது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ‘ப’வாகவே இருக்கும், பாவம். மற்றதெல்லாம் தப்பு. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் மகனும் அதே வகுப்பு. அக்காவிடம் டீச்சர் சொல்லி அனுப்பினார்.

“உங்க பொண்ணு எல்லாத்தையும் மாத்தி மாத்தி எழுதுறாளாம் அண்ணே. ஒரு எட்டு வந்து பாக்கச் சொன்னாங்க.”

சலூன்காரர் அன்று மாலையே குட்டியைப் பலகையில் ஏற்றினார். எழுதச் சொன்னார். தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கண்ணாடிக்குள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது.

“அந்த டீச்சர் வீட்டுக்காரருக்குப் போன மாசம் கிருதாவை ஒரு நூல் ஏத்தி எடுத்துட்டேன். அதைப் பிள்ளை மேல காட்டுறாங்க, பாத்தீங்களா சார்?”

“காட்டுவாங்க, காட்டுவாங்க” என்றார் பென்ஷன்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“குட்டி, இங்க பாரு. உங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா சொல்லிக்குடுத்ததுதான் சரி. அவங்க என்ன சொன்னாலும் நீ மாத்தக் கூடாது. எழுதுறதையும் மாத்தக் கூடாது, படிக்கிறதையும் மாத்தக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“யார் மேல?”

“அப்பா மேல.”

அவர் குனிந்தார். குட்டி அவர் உச்சந்தலையில் கையை வைத்தாள். அப்புறம் தையல்கார அக்கா இரண்டு தடவை டீச்சர் சொன்னதாக வந்து சொன்னார். சலூன்காரர் போகவில்லை. கடையில் கூட்டம் என்றார்.

வருஷக் கடைசியில் டீச்சர் தாமே கடை வாசலில் வந்து நின்று, “சாயங்காலம் பள்ளிக்கூடம் வர்றீங்களா, இல்ல நான் இங்கயே பேசட்டுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பெஞ்சில் ஆள் நிறைய இருந்ததால் சலூன்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஒண்ணாம் வகுப்பு நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். அதில் ஒன்றில் குத்துக்கால் வைத்த மாதிரி உட்கார்ந்தார். டீச்சர் சிலேட்டை நீட்டினார்.

“என்ன எழுதியிருக்கு?”

“பெட்டி. அழகா எழுதியிருக்காளே.”

“விரல் வச்சுப் படிங்க.”

சலூன்காரர் விரலை வலது ஓரத்தில் வைத்தார். இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். “பெ...ட்...டி.”

டீச்சர் அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பலப்பத்தை எடுத்து, அதற்குக் கீழே தாமும் ‘பெட்டி’ என்று எழுதினார்.

“இது?”

“இதுவும் பெட்டிதான்.” இந்தத் தடவை விரல் இடமிருந்து வலம் போனது.

“ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையா உங்களுக்கு?”

“உங்க எழுத்து கொஞ்சம் பெரிசு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. “மேல இருக்கிறதுல கொம்பு எந்தப் பக்கம் இருக்கு, பாருங்க. ‘ட’ எந்தப் பக்கம் பாக்குது? உங்க வீட்டுல எப்படித்தான் சொல்லிக்குடுக்குறீங்க?”

“வீட்டுல இல்லைங்க, கடையில. நாற்காலியில பலகை போட்டு உட்கார வச்சிடுவேன். அட்டை பின்னால இருக்கும். நான் கண்ணாடியில சீப்பால காட்டி...” என்று பெருமையாக ஆரம்பித்தவர், அங்கேயே நின்றுவிட்டார்.

“காட்டி?” என்றார் டீச்சர்.

 கண்ணாடி என்ற சொல் சலூன்காரர் வாயிலிருந்து ஒரு நாளில் எத்தனையோ தடவை வரும். இப்போதுதான் முதல்முதலாக அதை அவரே கேட்டார்.

“சின்னப் பிள்ளைங்க சிலது இப்படித் திருப்பி எழுதும். ரெண்டு தடவை கையைப் பிடிச்சுக் காட்டினா சரியாயிடும்” என்றார் டீச்சர். “இவ கையைப் பிடிச்சு எழுத வச்சா, கையை எடுத்ததும் அழிச்சிட்டுப் பழையபடி எழுதுறா. போர்டுல இருக்கிறதைப் படின்னா வாயைத் திறக்க மாட்டேங்குறா. பிடிவாதமா, குறையான்னே எனக்குப் புரியலை. அடுத்த வாரம் பெரிய டீச்சர் ஒவ்வொருத்தரையும் படிக்கச் சொல்லிக் கேட்பாங்க. இப்படியே இருந்தா இன்னொரு வருஷம் இதே வகுப்புதான்.”

இன்னொரு வருஷம் இதே வகுப்பு என்பது டீச்சருக்கு ஒரு சாதாரணப் பேச்சு. சலூன்காரர் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று மச்சான் ஏற்கெனவே போனில் சொல்லிவிட்டார். அவர் வீட்டு அறையில் ஜன்னல் ஓரமாகச் சின்னக் கட்டில் போட்டாகிவிட்டதாம். அத்தை திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாளாம். “சும்மா, ஒருவேளை தேவைப்பட்டா இருக்கட்டும்னுதான் மாப்பிள்ளை” என்று சொல்லியிருந்தார். ‘ஒருவேளை’க்காக யாரும் திரைச்சீலை தைப்பதில்லை.

சலூன்காரர் அன்று கடைக்குத் திரும்பியதும் நாற்காலியைப் பின்சுவர் பக்கம் திருப்பினார். பென்ஷன்காரரை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார். கண்ணாடி முழுவதையும் துணியால் மூடினார். குட்டியைத் தூக்கி உட்கார வைத்தார்.

“இது என்ன?”

குட்டி அட்டையை நேராகப் பார்த்தாள். “டீச்சர் அ.”

“டீச்சர் அ-வா?”

“ஆமா. அது டீச்சர் அ. நம்ம அ அந்தப் பக்கம் பாக்கும்.”

சில வீட்டில் சோற்றுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பார்கள், சில வீட்டில் பின்னால் குடிப்பார்கள். எழுத்தும் அப்படித்தான் என்று அவள் ஒரு வருஷமாக முடிவு செய்து வைத்திருந்தாள். டீச்சர் வீட்டு எழுத்து ஒரு மாதிரி, அவள் வீட்டு எழுத்து ஒரு மாதிரி.

“டீச்சர் எழுத்து உனக்குப் படிக்கத் தெரியுமா குட்டி?”

“ஓ, நல்லாத் தெரியும்.”

சலூன்காரருக்கு உயிர் வந்தது. “அப்ப படிம்மா! பெரிய டீச்சர் கேட்டா அந்த மாதிரியே படிச்சிடு!”

“மாட்டேன்.”

“ஏன்?”

“மாத்த மாட்டேன்னு உன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்ல? மீறினா நீ செத்துப் போயிடுவ. அம்மா சொல்லியிருக்காங்க. யார் மேல சத்தியம் பண்ணி மீறுறோமோ, அவங்க செத்துப் போயிடுவாங்க.”

“அதெல்லாம் சும்மா சொன்னது குட்டி.”

குட்டி யோசித்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைப் போலக் கேட்டாள். “அம்மா மேல யாருப்பா சத்தியம் பண்ணி மீறினாங்க?”

சலூன்காரர் ஏற்கெனவே காய்ந்த கத்தியை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் அந்தக் கடையில் நடந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கண்ணாடியை மூடியது மூடியபடியே இருந்தது. நேராகப் பார்த்து முடி வெட்டி அவருக்குப் பழக்கமில்லை. ஒருவருக்கு மீசையில் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. அது எந்தப் பக்கம் என்று இருவருக்கும் சண்டை. கடையிலிருந்து வெளியே வருகிறவர்கள் எல்லாம் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். கிருதாவைச் சமமாகக் காட்ட வேறு வழியில்லை. வெட்டுக்காயத்தில் தடவித் தடவிப் படிகாரக் கட்டி ஒரே வாரத்தில் கரைந்து தீர்ந்தது. அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒரு கன்னத்துக்கும் மறு கன்னத்துக்கும் நடுவில் ஓடிவந்து குட்டியின் காலடியில் உட்காருவார்.

“சத்தியத்தை அப்பா வாபஸ் வாங்கிட்டேன்.”

“பண்ணினது நான். நீ எப்படி வாங்குவ?”

“சரி, நீ வாங்கு.”

“வாங்குறதுக்கு அம்மா சொல்லித் தரலையே.”

மிட்டாய் காட்டினார். மிரட்டினார். ஒரு தடவை கையை ஓங்கியும்விட்டார். குட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஓங்கின கையால் அவர் தம் வாயிலேயே அடித்துக்கொண்டு பின்பக்கம் போய், வெந்நீர் போடுகிற இடத்தில் நின்று அழுதார். திரும்பி வந்தபோது பென்ஷன்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தலையைக் குட்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். அவர் பேப்பரை மடித்ததை அந்தக் கடையில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

“இந்தாம்மா, அந்தச் சத்தியத்தை எடுத்து என் தலைக்கு மாத்திடு. வழுக்கைத் தலை, ஒட்டாது. வழுக்கிட்டுப் போயிடும். எனக்கு ஒண்ணும் ஆகாது.”

குட்டி அந்தத் தலையை நன்றாகப் பார்த்தாள். தொட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். “வேண்டாம் தாத்தா. நீங்க பாவம்.”

பென்ஷன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு வேற வழி தெரியலைய்யா” என்று சலூன்காரரிடம் சொன்னார். மடித்த பேப்பரை அன்று முழுக்க அவர் திரும்ப விரிக்கவில்லை.

பெரிய டீச்சர் அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோரமாக நாற்காலிகள். மச்சான் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் புதுப் பை ஒன்று. முயல் படம் போட்டது. சலூன்காரர் அவரை நேராகவே அடையாளம் கண்டுகொண்டார். பயம் அந்த அளவுக்கு இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் நின்றார். குட்டியை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

பெரிய டீச்சர் புத்தகத்தைத் திறந்து வைத்தார். “இந்த ஒரு வரி போதும் கண்ணு. படி பார்க்கலாம்.”

குருவி கூடு கட்டியது என்று இருந்தது. மேலே படமும் இருந்தது. குட்டி வரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“தெரியலையா?”

“தெரியும்.”

“தெரிஞ்சா படி.”

“மாட்டேன்.”

“படத்தைப் பாரு. என்ன பறவை?” என்றார் டீச்சர், உதவி செய்கிற குரலில்.

குட்டி படத்தையும் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூடின இமைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தது. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் எழுந்தார். “போதுங்க டீச்சர். குழந்தையைப் படுத்த வேண்டாம்.” அருகில் வந்து, தழைந்த குரலில் சொன்னார். “மாப்பிள்ளை, இதுல எனக்குச் சந்தோஷம்னு நினைக்காதீங்க. லீவுக்கு லீவு வந்து பாருங்க. நீங்க ஒத்துக்கிட்டதுதானே. இவ தலையில கையை வச்சுச் சொன்னீங்க. வாம்மா தங்கம், மாமாகூடப் போலாம்.”

குட்டியின் கை மச்சானின் கைக்குள் போனது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. போனால் அப்பா உயிரோடு இருப்பார் என்றால் போகலாம் என்று அவள் எப்போதோ கணக்குப் போட்டு வைத்திருந்தது அவள் முகத்தில் தெரிந்தது. அதைச் சலூன்காரரும் பார்த்தார். பிள்ளையை அனுப்பினால் அவள் போய்விடுவாள். அனுப்பாவிட்டால், அவள் தலையில் வைத்த சத்தியம். சும்மா சொன்னது என்று பிள்ளையிடம் சொன்னாரே தவிர, அவருக்கும் அதில் பயம் உண்டு. அவருக்கும் ஒரு அம்மா இருந்தார் அல்லவா? யோசித்தால் வாய் வராது என்று தெரிந்து, யோசிக்காமல் சொன்னார்.

“அனுப்ப மாட்டேன் மச்சான்.”

“என்ன?”

“அனுப்ப மாட்டேன். சத்தியத்தை மீறிட்டேன். இந்தா, இப்பவே மீறிட்டேன்.”

சொல்லிவிட்டு மண்டியிட்டு விழுந்து, குட்டியைப் பிடித்து இழுத்து, அவள் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தார். கழுத்தில் எங்கே ரத்தம் துடிக்கும் என்பது சவரக்கத்தி பிடிக்கிறவனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். அறையில் இருந்த மற்ற பெரியவர்களும், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் உட்பட, காத்திருந்தார்கள். பெரிய டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றார்.

துடித்துக்கொண்டிருந்தது. பிறகும் துடித்துக்கொண்டிருந்தது.

“என்னப்பா பண்ற?”

“உன் மேல சத்தியம் பண்ணியிருந்தேன் குட்டி. மீறிட்டேன். நீ இருக்கியான்னு பாக்குறேன்.”

“இருக்கேனே.”

“இருக்க. இருக்க.”

குட்டி இதைப் புரட்டிப் புரட்டி யோசித்தாள். “அப்ப அம்மா பொய் சொன்னாங்களா?”

“இல்லைடா. அம்மாவுக்கு யாரோ தப்பாச் சொல்லிக்குடுத்துட்டாங்க. நான் உனக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி.” அவர் மச்சானைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை. “நம்ம அ-ன்னு ஒண்ணு கிடையாது குட்டி. நான் காட்டினது பூராத் தப்பு. டீச்சர் காட்டினதுதான் அ. அப்பாவுக்குத்தான் தெரியலை.”

அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் முகத்தில் எப்போதும் இருந்த ஏதோ ஒன்று இறங்கி மறைந்தது. சலூன்காரர் அதைப் பார்த்தார். அழுகை என்றால்கூடத் துடைத்துவிட்டிருக்கலாம்.

குட்டி இடது கையை நீட்டி, அவர் செய்த மாதிரியே, அவர் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தாள். இடம் தப்பு. அவர் அந்த விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். வலது கை விரலைப் புத்தகத்தில் வைத்தாள். இடது ஓரத்தில்.

“கு” என்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இருக்கேன்.”

“ரு.” பார்த்தாள்.

“இருக்கேன். படி.”

“வி.”

இப்படியாக ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று, அப்பா இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்து, அந்தக் குருவி கூடு கட்டி முடித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு மெதுவாக யாரும் ஒரு வரியைப் படித்ததில்லை. முடிந்ததும் பெரிய டீச்சர், “ரெண்டாம் வகுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர்தான் பேசினார். “லீவுல சொல்லிக்குடுங்க. வேண்டாங்கலை. பக்கத்துல உட்கார்ந்து, புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சொல்லிக்குடுங்க.”

வராந்தாவில் மச்சான் கொஞ்ச நேரம் பையின் பட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார். “அவதான் படிச்சிட்டாளே மாப்பிள்ளை. அப்ப நீங்க வார்த்தை மாறினதா ஆகாது.”

“அவ படிக்கிறதுக்கு முன்னாடியே மாறிட்டேன் மச்சான்.”

“ஆமா” என்றார் மச்சான். “முன்னாடியே மாறிட்டீங்க.” முயல் பையைக் குட்டியின் தோளில் மாட்டினார். அவள் கன்னத்தைத் தொட்டார். சலூன்காரரிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் படியிறங்கிப் போனார். சலூன்காரர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்த முதுகு. இனி அந்த மனிதர் இந்த வீட்டு வாசலை மிதிக்க நாளாகும் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்பாவும் மகளும் வெளியே வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், சாலையில் கூட்டம். ஓரத்தில் வந்து நின்றார்கள். சலூன்காரர் கையை நீட்டினார்.

“வண்டி வரலை. வா குட்டி.”

குட்டி கையைக் கொடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, தானே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“சைக்கிள் வருதுப்பா” என்றாள்.

வரத்தான் செய்தது. தொலைவில், ரொம்ப மெதுவாக. அது வந்து, அவர்களைத் தாண்டி, திருப்பத்தில் மறைகிற வரைக்கும் சலூன்காரர் கையை நீட்டியபடியே நின்றார். குட்டி இன்னொரு தடவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். அப்புறம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.